எண்கள் நம்மை எடை போடலாமா?

உங்கள் வீட்டு அப்புச்சியிடமோ அம்மாயியிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நீங்க பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்ப உங்க வயசை எப்படிங்க கண்டுபுடிச்சாங்க?" என்று கேளுங்கள். பலர் சிரித்துக்கொண்டே தம் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுக் காட்டுவார்கள். கை காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது, பள்ளியில் சேர்க்கலாம். தொடாவிட்டால், "அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க" என்று தலைமையாசிரியர் அனுப்பிவிடுவார்.

இது வெறும் வேடிக்கை அன்று. இதில் அறிவியல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதருக்கோ அது எட்டில் ஒரு பங்குதான். குழந்தை வளர வளரக் கை நீளுகிறது. தலை அவ்வளவு வேகமாக வளர்வதில்லை. ஆகவே ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில் கை மறு காதை எட்டுகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், அளக்க முடியாத வயதுக்குப் பதிலாக, அளக்கக்கூடிய கையை அளந்தார்கள்.

அளந்த பின் என்ன செய்தார்கள்? பள்ளி ஜூனில் திறக்கும். அந்த நாளில் ஐந்து வயது முடிந்திருக்கும்படி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினார்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் இத்தனை பேருக்கு அந்த இரண்டு மாதங்களில் 'பிறந்த நாள்' வருவதன் இரகசியம் இதுதான்!

அந்த ஒரு தேதி பிறகு எங்கெங்கோ சென்றது. மாற்றுச் சான்றிதழில் ஏறியது. மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்குள்ள பதிவேட்டில் ஏறியது. ஓய்வு பெறும் நாளையும், ஓய்வூதியம் தொடங்கும் நாளையும் அதுவே தீர்மானித்தது. ஊட்டம் குறைந்து, வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்குக் கை தாமதமாகவே எட்டியிருக்கும். அந்தக் குழந்தை ஓர் ஆண்டை இழந்தது. ஏழைக் குழந்தைக்கு ஏற்கனவே இருந்த குறையோடு, அளவுகோல் இன்னொரு குறையையும் சேர்த்துவிட்டது.

கையை அளந்த ஆசிரியர் தீயவர் அல்லர்; பள்ளியில் குழந்தைகளைச் சேர்க்கவே அவர் அப்படிச் செய்தார். ஆயினும், ஒரு மனிதரைப் பற்றிய எண்ணைத் திரட்டி, அதைக் கொண்டு அவர் வாழ்வைப் பற்றி முடிவெடுப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. இன்று கையின் இடத்தில் கணிப்பொறி வந்திருக்கிறது. பொறுப்பு மட்டும் குறையவில்லை.

தரவும் பதிலி அளவும்

ஒருவரைப் பற்றியோ ஒரு பொருளைப் பற்றியோ திரட்டி எழுதி வைக்கும் செய்திகளைத் 'தரவு' என்கிறோம். உங்கள் உயரம், வருகை நாள்கள், கணித மதிப்பெண், தந்தையின் தொழில் ஆகிய யாவும் தரவுகளே. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 'எமிஸ்' எண் ஒன்று உண்டு. கல்வித் துறையின் தகவல் முறைமையில் உங்கள் பெயரோடு சேர்ந்து நிற்கும் எண் அது.

நாம் அறிய விரும்புவதை எப்போதும் நேரே அளக்க முடிவதில்லை. வயதுக்குக் கையை அளந்தது போல, அறிவுக்கு மதிப்பெண்ணையும், ஆர்வத்துக்கு வருகை நாள்களையும், உழைப்புக்கு வேலை நாள்களையும் அளக்கிறோம். இப்படி ஒன்றுக்குப் பதிலாக நிற்கும் அளவைப் 'பதிலி அளவு' எனலாம். பதிலி அளவு இல்லாமல் உலகம் நடவாது. ஆனால் பதிலியையே உண்மைப் பொருள் என்று நினைத்துவிட்டால் தவறு நேரும்.

தேர்வு நடக்காத ஆண்டுகள்

கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் தமிழ்நாடு முழுவதும் இதற்கு ஒரு பெரிய சோதனை நிகழ்ந்தது.

2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் எப்படி இடுவது? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று முடிவாயிற்று. அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

சற்று நின்று யோசியுங்கள். வருகைப் பதிவேடு எதற்காக வைக்கப்பட்டது? மாணவர் பள்ளிக்கு வருகிறாரா என்று பார்ப்பதற்காக. அது மதிப்பெண் ஆகும் என்று அந்த ஆண்டு முழுவதும் எந்த மாணவருக்கும் தெரியாது. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் இருந்த ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். அவள் பாடம் அறியாதவள் அல்லள். ஆனால் ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவு வேறொரு நோக்கத்துக்குப் போனபோது அவளுக்கு அது இழப்பாயிற்று.

அடுத்த ஆண்டு, 2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வும் ரத்தாயிற்று. கல்லூரியில் சேர மதிப்பெண் வேண்டுமே! அரசு ஒரு கணக்கீட்டு முறையை அறிவித்தது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு. பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு. ஜூலை 19 அன்று முடிவுகள் வெளியாயின.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலதி, கவிதா என்று இரு மாணவிகள் இருப்பதாகக் கொள்வோம். பதினொன்றாம் வகுப்பில் இருவரும் 100-க்கு 70. பன்னிரண்டாம் வகுப்பில் இருவரும் 30-க்கு 28. பத்தாம் வகுப்பில் மட்டும் மாலதி 90, கவிதா 60.

மாலதி: 45 + 14 + 28 = 87.
கவிதா: 30 + 14 + 28 = 72.

கடைசி இரண்டு ஆண்டுகளில் இருவரும் சமம். ஆனால் இறுதியில் 15 மதிப்பெண் வேறுபாடு. 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய தேர்வு கவிதாவைத் துரத்தி வந்து பிடித்துக்கொண்டது. பிந்தி முன்னேறியவர்களை இந்த முறை முழுமையாகக் காணவில்லை.

அதே சமயம், இந்த முறையில் இருந்த நல்ல அம்சங்களையும் நாம் கவனிக்க வேண்டும். விதி என்னவென்று முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்தார்கள். பேனாவும் காகிதமும் இருந்தால் எந்த மாணவரும் தம் மதிப்பெண்ணைத் தாமே சரிபார்க்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவருடைய பழைய மதிப்பெண்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. பதினொன்றாம் வகுப்புத் தேர்வை எழுத இயலாமற் போனவர்களுக்கும் 35 விழுக்காடு தரப்பட்டது. மதிப்பெண் போதாது என்று கருதியவர்கள் பிறகு தேர்வு எழுதிக்கொள்ளவும் வழி விடப்பட்டது. கணக்கு தவறினால் திருத்திக்கொள்ள ஒரு கதவு திறந்திருந்தது.

இங்கிலாந்தில் நேர்ந்தது என்ன?

இங்கிலாந்திலும் 2020-இல் தேர்வு நடக்கவில்லை. அங்கே வேறு வழியை மேற்கொண்டார்கள். ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் தர வரிசைப்படுத்தி அனுப்பினார்கள். அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டுகளின் தேர்ச்சி நிலையைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. பழைய மாணவர்கள் வாங்கிய தரங்களைப் புதிய மாணவர்களுக்கு வரிசைப்படி பங்கிட்டுக் கொடுத்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகளாக ஒருவரும் முதல் தரம் பெறவில்லை என்றால், அந்த ஆண்டு அங்கே படித்த மிகச் சிறந்த மாணவருக்கும் முதல் தரம் கிடைப்பது அரிதாயிற்று. தம் அண்ணன்மார், அக்காமார் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அவர் தண்டனை பெற்றார்! மேலும், ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ படித்தால் கணிப்பொறி தலையிடாது. ஆசிரியர் தந்த தரமே நிலைக்கும். அத்தகைய சிறிய வகுப்புகள் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்தான் மிகுதி.

2020 ஆகஸ்டு 13 அன்று முடிவு வெளியாயிற்று. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்து முழங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்டு 17 அன்று, அரசு கணிப்பொறியின் முடிவைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டை ஏற்றது.

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தேர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டுகளைப் போலவே வந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது: ஒரு கூட்டத்தைப் பற்றிய தரவைக் கொண்டு, அந்தக் கூட்டத்தில் நிற்கும் தனி மனிதர் ஒருவரைத் தீர்ப்பிட்டார்கள். அதுவே அநீதி.

சராசரி மறைப்பது

அப்படியானால் கூட்டத்தைப் பற்றிய தரவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். இன்னொரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரே ஊரில் 'அ', 'ஆ' என்று இரு பள்ளிகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒவ்வொன்றிலும் 100 பேர் தேர்வு எழுதினார்கள். அ பள்ளியில் 82 பேர் தேர்ச்சி. ஆ பள்ளியில் 75 பேர். எது சிறந்த பள்ளி? "அ பள்ளிதான்" என்று சொல்லிவிடுவோம். செய்தித்தாளும் அப்படித்தான் வரிசைப்படுத்தும்.

இப்போது மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்ப்போம்.

பெற்றோர் படித்த வீட்டுப் பிள்ளைகள்:
அ பள்ளியில் 80 பேர், தேர்ச்சி 72 (90 விழுக்காடு).
ஆ பள்ளியில் 20 பேர், தேர்ச்சி 19 (95 விழுக்காடு).

குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள்:
அ பள்ளியில் 20 பேர், தேர்ச்சி 10 (50 விழுக்காடு).
ஆ பள்ளியில் 80 பேர், தேர்ச்சி 56 (70 விழுக்காடு).

என்ன வியப்பு! இரண்டு பிரிவிலும் ஆ பள்ளியே முன்னால் நிற்கிறது. ஆனால் மொத்தத்தில் அது பின்னால் போய்விட்டது. காரணம் எளியது: கடினமான பணியை அந்தப் பள்ளி அதிகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. புள்ளியியலில் இதைச் 'சிம்ப்சன் முரண்' என்பர். மொத்த எண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரி, நன்றாக உழைக்கும் ஆ பள்ளி ஆசிரியர்களைக் கண்டிப்பார். பெற்றோர் அந்தப் பள்ளியை விட்டுப் போவார்கள்.

ஆகவே, எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் யாருக்கு உதவி வேண்டும் என்பது தெரியும். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவக் கல்லூரியில் சேருவோரில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தனியே எண்ணிப் பார்த்தபோது, அந்த எண்ணிக்கை மிகச் சொற்பமாக இருப்பது வெளிப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி பொ. கலையரசன் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2024 ஆகஸ்டு 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவது இத்திட்டம். மாணவியருக்கான 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இல் தொடங்கியது. ஒரு மாணவர் எந்தெந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைச் சொல்லப் பள்ளிப் பதிவுகள் வேண்டும். பதிவு சரியாக இருந்தால் பணம் வரும். நடுவில் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால் தகுதி உள்ளவரே அலைய நேரும்.

கூட்டத்தைப் பற்றிய எண்ணைக் கூட்டத்துக்கு உதவப் பயன்படுத்துங்கள்; அதைக் கொண்டு தனி ஒருவரின் வழியை அடைக்காதீர்கள். இக்கட்டுரையில் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் விதி இதுவே.

மில்லிலும் பனியன் கம்பெனியிலும்

பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றாலும் எண்கள் நம்மை விடுவதில்லை. கோவையில் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது முதல் இன்றுவரை, மில்லின் வாயிலில் தொழிலாளியை வரவேற்பது வருகைப் பதிவேடுதான்.

அந்தப் பதிவேட்டின் வலிமையைப் பாருங்கள். தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்காகத் தமிழ்நாடு 1981-இல் ஒரு சட்டம் இயற்றியது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆவார் என்பது அதன் சாரம். மாதத்துக்குச் சராசரி 20 நாள். ஒருவர் உண்மையில் 500 நாள் உழைத்திருக்கலாம். பதிவேட்டில் 470 என்று இருந்தால்? அல்லது ஓர் ஆண்டு ஓர் ஒப்பந்தக்காரர் பேரிலும், அடுத்த ஆண்டு இன்னொருவர் பேரிலும் எழுதப்பட்டிருந்தால்? உழைத்த கைகள் ஒன்றே. ஏட்டில் அவர் இரண்டு பாதி மனிதர். தம்மைப் பற்றிய பதிவைத் தாமே பார்க்கவும், நகல் பெறவும், பிழையைத் திருத்தவும் முடிந்தால்தான் அவர் தம் உரிமையைக் காட்ட இயலும். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

பெயரும் ஒரு தரவே. தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கும். ஆனால் பல கணிப்பொறிப் படிவங்கள் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று கேட்கின்றன. குப்புசாமி என்றொருவர் இருப்பதாகக் கொள்வோம். மில் பதிவேட்டில் 'ஆ. குப்புசாமி', ஆதார் அட்டையில் 'குப்புசாமி ஆ', பள்ளிச் சான்றிதழில் 'ஆறுமுகம் குப்புசாமி'. ஊரார் கண்ணுக்கு ஒருவர், கணிப்பொறிக்கு மூவர்! வருங்கால வைப்பு நிதியில் தாம் சேர்த்த பணத்தையே எடுக்கப் போகும்போது, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. காதைத் தொட்டு எழுதிய தேதி இங்கே நாற்பது ஆண்டு கழித்து வந்து வழிமறிப்பதும் உண்டு. குப்புசாமியிடம் ஒரு குறையும் இல்லை. யாரோ ஒரு நாட்டின் பெயர் வழக்கத்தை மனத்தில் வைத்துச் செய்த படிவத்தில்தான் குறை.

கைரேகையும் அப்படியே. கல் உடைப்பவர், சிமெண்டுக் கலவை குழைப்பவர், தேங்காய் நார் திரிப்பவர் ஆகியோருக்கு விரல் நுனியின் கோடுகள் தேய்ந்து போகின்றன. கருவி அவரை அடையாளம் காண மறுக்கிறது. அதிகமாக உழைத்தவரையே கருவி அதிகமாகச் சந்தேகிக்கிறது. மாற்று வழி ஒன்றை முன்பே ஏற்பாடு செய்யாத கருவி, எவ்வளவு நுட்பமானதானாலும், நேர்மையான கருவி ஆகாது.

எண்ணப்படாதவர்கள்

தவறாக எண்ணப்படுவது ஒரு துன்பம். எண்ணப்படாமலே போவது அதனினும் பெரிய துன்பம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவை வார்ப்படப் பட்டறைகளிலும், மில்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பணிபுரிகிறார்கள். 2020-இல் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் இத்தகைய தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் பலர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பேணப்படவில்லை என்று அரசு விடை தந்தது. இழப்பீடு தரப்பட்டதா என்ற கேள்விக்கு, தரவு இல்லாமையால் அக்கேள்வி எழவில்லை என்பது பதில்.

எண் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை! இதனை நன்றாக நினைவில் வையுங்கள். 2021 ஜூனில் உச்சநீதிமன்றம், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் பணியை விரைந்து முடிக்க ஆணையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 26 அன்று 'இ-ஷ்ரம்' பதிவுத் தளம் தொடங்கியது. இந்தத் தொழிலாளர்களின் குழந்தைகளும் அவ்வாறே. பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறாத குழந்தைக்குப் பாடநூலும் இல்லை, சீருடையும் இல்லை, மதிய உணவும் இல்லை.

சட்டம் சொல்வது

நம் நாட்டின் சட்டங்களும் நீதிமன்றங்களும் இந்தத் திசையில் சில படிகளைக் கடந்துள்ளன.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று கூறுகிறது. காதைத் தொடும் சோதனைக்கு அது விடை கொடுத்தது.

ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்க உரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயம் ஆக்கக் கூடாது என்றது.

2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன.

ஐந்து கேள்விகள்

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்களைப் பற்றியோ பிறரைப் பற்றியோ யாரேனும் எண்களைத் திரட்டினால், நீங்களே கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

1. எதற்காகத் திரட்டுகிறார்கள்? சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துவார்களா?
2. அளப்பது எதை? உண்மையில் அறிய விரும்புவது எதை? இரண்டும் ஒன்றா, பதிலி அளவா?
3. இந்த எண்ணில் விடுபட்டவர் யார்?
4. தவறு இருந்தால் சம்பந்தப்பட்டவர் அதைப் பார்க்கவும் திருத்தவும் முடியுமா?
5. இதனால் பயன் யாருக்கு? இழப்பு யாருக்கு?

இந்த ஐந்துக்கும் நேரான விடை கிடைத்தால் அந்தத் தரவை நம்பிப் பயன்படுத்தலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் 60 வயதுக்கு மேற்பட்ட 48 பெரியவர்களிடம், அவர்களுடைய சான்றிதழ்களில் உள்ள பிறந்த மாதம் எது என்று கேளுங்கள். பிறப்புகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தால் மாதத்துக்கு 48 ÷ 12 = 4 பேர் வர வேண்டும். ஒரு வரைபடத்தாளில் பட்டை வரைபடம் வரையுங்கள். மே, ஜூன் மாதங்களில் பட்டை உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பள்ளி செல்லாதவர்களின் மாதங்களைத் தனியே வரைந்து ஒப்பிடுங்கள்.

கேட்கும் முன் மூன்று செயல்களை மறவாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். தாளில் பெயரோ முழுத் தேதியோ எழுதாதீர்கள். இந்த ஆய்வுக்கு மாதம் ஒன்றே போதும். வேண்டிய அளவுக்கு மேல் ஓர் எழுத்தும் திரட்டாமல் இருப்பது, தரவைக் கையாளும் ஒவ்வொருவரும் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம்.

வரைந்து முடித்ததும் அந்தப் படத்தை அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் காட்டுங்கள். அவர்களைப் பற்றிய எண், அவர்கள் கண்ணுக்கு முன் வரட்டும். அப்போது அவர்கள் சொல்லப்போகும் கதைகளில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செய்திகள் எத்தனையோ இருக்கும். அவற்றையும் கேளுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மாலதி, கவிதா கணக்கில் பத்தாம் வகுப்புக்கு 20 விழுக்காடும், பதினொன்றாம் வகுப்புக்கு 50 விழுக்காடும் தந்திருந்தால் இருவரின் மதிப்பெண் என்ன ஆகும்? எந்த முறை நியாயமானது? காரணம் கூறுக.
2. அ, ஆ பள்ளிகளில் இரு பிரிவினரும் 50 பேர் வீதம் இருந்து, பிரிவுவாரித் தேர்ச்சி விகிதம் மாறாமல் இருந்தால், எந்தப் பள்ளி மொத்தத்தில் முன்னால் நிற்கும்?
3. உங்கள் பள்ளியில் பயன்படும் பதிலி அளவுகள் இரண்டைக் குறிப்பிடுக. அவை யாருக்குக் குறையாக அமையக்கூடும்?